வலிப்பு நாயும் என் பத்து நாட்களும்

இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. சீமைக்குத் திரும்பிய துரை, வலிப்பு நோயுள்ள தம் நாயைச் சுட்டுவிடச் சொல்லிப் போனார். மனம் கேளாமல் அதை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பெயர் ஜிம்மி.

மூன்றாம் நாள் அது நுரை தள்ளி விழுந்து துடித்தது. நாக்கைக் கடித்துக்கொள்ளுமே என்று பதறி, அதன் வாய்க்குள் விரலை விட்டேன். பல் ஆழமாக இறங்கிவிட்டது.

“வெறிநாய்ங்க, விலகுங்க!” என்று கங்காணி துப்பாக்கியோடு வந்தார்.

என் காயத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த தோட்டத்து மருந்துக்கார ஐயா தடுத்தார். “சுட்டுட்டா இவருக்கு விஷம் ஏறியிருக்கான்னு எப்படித் தெரியும்? பத்து நாள் கட்டி வச்சுப் பாப்போம். வெறி இருந்தா அதுக்குள்ள செத்துரும். நாய் பிழைச்சா இவரும் பிழைச்சாரு.”

அன்று முதல் விடிந்ததும் நாயைத்தான் ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மனைவி செல்லம்மா எட்ட நின்று கஞ்சி வைப்பாள். ஆறாம் நாள் அது மறுபடி விழுந்தது. “போச்சுங்க!” என்று அவள் அழுதாள். ஆனால் சிறிது நேரத்தில் அது தள்ளாடி எழுந்து கஞ்சியைக் குடித்தது. பதினோராம் நாள் காலையில் வாலாட்டி நின்றது. கயிற்றை அவிழ்த்தவள் செல்லம்மாதான்.

வலிப்பு இன்னும் வருகிறது. இப்போது நான் வாய்ப்பக்கம் கை கொண்டுபோவதில்லை. சுற்றியுள்ள விறகையும் பாத்திரத்தையும் விலக்கிவிட்டு, அது எழும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விழுவதற்குச் சற்று முன், யாரோ கூப்பிட்டதுபோல் காதை நிமிர்த்தி நிற்கிறது. அதற்கு என்ன கேட்கிறது? தெரிந்த வாசகர்கள் எழுதுங்கள்.