கூடுதலாகக் குளிர்ந்த பால்

திருப்பதியில் நடந்த அந்தப் பயிற்சிக்குப் போக எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. வெப்பப் பரிமாற்றி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி, அதை இன்ஜினியர்களுக்குச் சொல்லித்தருகிறார்களாம். சித்தூருக்கு வெளியே ஒரு பால் தொழிற்சாலையில் அந்த மெஷினோடு வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்துகிறவள் நான். எனக்கு யார் வந்து என்ன சொல்லித்தரப் போகிறார்கள்? ஆனாலும் வாயை மூடிக்கொண்டு சரி என்றேன். காரணம், என் அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவரைத் திருப்பதியில்தான் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பகலில் பயிற்சி, சாயங்காலம் ஆஸ்பத்திரி என்று ஓட்டிவிடலாம், லீவு கேட்டு மேனேஜரிடம் பல்லை இளிக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

நைனாவுக்குக் காய்ச்சல். வரும், போகும், மறுபடி வரும். பொழுது சாய்ந்தால் உடம்பு கொதிக்கும், விடிகாலையில் வேர்த்துக் கொட்டிப் படுக்கை நனைந்துவிடும். மூட்டுக்கு மூட்டு வலி. எங்கள் ஊர் நகரியில் காட்டினோம், புத்தூரில் காட்டினோம். டைஃபாய்டு இல்லை, டெங்கு இல்லை, மலேரியா இல்லை. எல்லாமே இல்லையென்றால் பின்னே என்னதான் என்று கேட்டால் ஒருத்தரிடமும் பதில் இல்லை. கரும்புக் கட்டை அலட்சியமாகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்த மனுஷன், பாத்ரூமுக்குப் போக அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். என்ன காய்ச்சல் என்று தெரியாமலே இவரைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு டாக்டரம்மா நைனாவிடம் நிறையக் கேள்வி கேட்டார். அதில் ஒன்று: "வீட்டுல மாடு இருக்கா? பச்சைப் பால் குடிப்பீங்களா?"

நைனா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "மாட்டையெல்லாம் எப்பவோ வித்தாச்சு டாக்டர். பாக்கெட் பால்தான். நான் பால் ஃபேக்டரியிலயே இன்ஜினியர்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. டாக்டரம்மா தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நைனாவுக்கு அதைவிடப் பெருமை. அவருக்கு வயிற்றெரிச்சல் உண்டு. ஜில்லென்று பால் குடித்தால் அடங்கும். ஃபிரிட்ஜிலிருந்து எங்கள் தொழிற்சாலை பாக்கெட்டை எடுப்பார், மூலையைக் கடித்துத் துப்புவார், டம்ளரில் ஊற்றி மடமடவென்று குடிப்பார். ஆரம்பத்தில் அம்மா, "காச்சித் தரேன், இருய்யா" என்று பிடுங்கப் போவாள். நான்தான் தடுத்தேன். "நாங்க காச்சிட்டுத்தாம்மா பாக்கெட்டுல போடறோம். திரும்ப எதுக்குக் காச்சற?" அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் நைனா இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பயிற்சி ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. சொல்லித்தர வந்தவன் சென்னைப் பையன். என் தம்பி வயதுகூட இருக்காது. அவனவன் தன் மெஷினைப் பற்றி எழுந்து சொல்ல வேண்டும், மற்றவர்கள் கணக்குப் போட வேண்டும் என்றான். மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்காரர் ஒருவர் தன் மெஷின் எப்படி அடைத்துக்கொள்கிறது என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து நான். எனக்கு அழ என்ன இருக்கிறது? என் மெஷின் முன்னைவிட நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

மெஷின் இதுதான். மெல்லிய எஃகுத் தகடுகளை நெருக்கி அடுக்கி இறுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு பக்கம், குளிர்ந்த பச்சைப் பால் உள்ளே போகும். மறுபக்கம், காய்ச்சி முடித்த சூடான பால் வெளியே வரும். பாலும் பாலும் தொட்டுக்கொள்ளாது. சூடு மட்டும் தகட்டைத் தாண்டும். காய்ச்சிய பால் ஆறும், பச்சைப் பால் சூடேறும். இவ்வளவுதான் விஷயம். நான் தகடு கழுவும் முறையை மாற்றினேன். அதற்கப்புறம் காய்ச்சிய பால் முன்னைவிட ஒன்றரை டிகிரி கூடுதலாகக் குளிர்ந்து வெளியே வருகிறது. குளிரூட்டும் மெஷினுக்கு வேலை குறைந்தது, மேனேஜர் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். இதைச் சொன்னதும் ஹாலில் கை தட்டினார்கள்.

பையன் தட்டவில்லை. "மேடம், காய்ச்சின பால் கூடுதலா ஆறிடுச்சு, சரி. பச்சைப் பால் கூடுதலா சூடாகுதா?"

"அது முன்ன மாதிரியேதான் இருக்கு."

"அப்போ அந்த ஒன்றரை டிகிரி சூடு எங்க போச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்க போகும்? உங்க வீட்டுக்கா வரும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை என்பதுதான் என்னை என்னவோ செய்தது.

"இந்தப் பக்கம் விட்ட சூட்ட அந்தப் பக்கம் யாராவது வாங்கியிருக்கணும் மேடம். யாரும் வாங்கல. அப்போ இது சூட்டைக் கொடுத்து ஆறின பால் இல்ல. குளிர்ந்த பால் கலந்து ஆறின பால். பழைய மெஷின் அடைச்சிக்கிட்டா நான் பயப்பட மாட்டேன். திடீர்னு நல்லா ஆயிடுச்சுன்னாதான் எனக்குப் பயம்."

சும்மா விடுவேனா? "தகட்டுல ஓட்டையே இருந்தாலும் பச்சைப் பால் இந்தப் பக்கம் வராது. காய்ச்சின பால் பக்கம்தான் எப்பவும் அழுத்தம் ஜாஸ்தி. அது அந்தப் பக்கம் போகுமே தவிர இது இங்க வராது" என்று எகிறினேன்.

"சமீபத்துல பம்ப் ஏதாவது மாத்தினீங்களா?"

மாற்றியிருந்தோம். பச்சைப் பால் பக்கம் பெரிய பம்ப். கழுவும் முறையை மாற்றிய அதே வாரம். அழுத்தம் எந்தப் பக்கம் கூட இருக்கிறது என்று அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. பால் வேகமாக ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டதோடு சரி.

"லேப்ல தினம் பார்க்கறாங்களே! ஒருநாள்கூடத் தப்பா வரலையே!" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"சாம்பிள் எங்க எடுக்கறாங்க மேடம்?"

சாம்பிள் எடுக்கும் குழாய், பால் காய்ந்து முடிந்த இடத்தை ஒட்டி இருந்தது. தகடுகளுக்குள் திரும்ப நுழைவதற்கு முன்னால். அங்கே பால் சுத்தமாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் நடப்பதை எங்கள் லேப் பார்த்ததே இல்லை. அட கடவுளே! தினமும் அந்தக் குழாயைத் தாண்டி நடக்கிறவள் நான்.

ஹாலை விட்டு வெளியே வந்து ஷிஃப்ட் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "அண்ணா, மெஷின இப்பவே நிறுத்துங்க."

"ஏமி மேடம்? டேங்கர் வந்து நின்னுக்கினு இருக்குது. மேனேஜர் சார்கி செப்பாரா?"

"அவருக்கு நான் சொல்லிக்கறேன். பச்சைப் பால் பக்கம் மட்டும் தண்ணி விட்டு பம்ப்ப ஓட்டுங்க. இன்னொரு பக்கம் கடைசிக் குழாயக் கழட்டி வெச்சிட்டுப் பாருங்க, சொட்டு வருதான்னு."

ஓட்டல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போக முடியவில்லை. அவர் திரும்பக் கூப்பிட்டபோது குரலே மாறியிருந்தது.

"சொட்டல மேடம்... ஊத்துது."

உச்சந்தலையில் இடி இறங்கியது. பம்ப் மாற்றியது எப்போது? நைனாவுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது எப்போது? பம்ப் முதலில், காய்ச்சல் பிறகு. நைனா பாக்கெட் மூலையைக் கடித்துத் துப்புவது அப்படியே கண்ணில் தெரிந்தது. ஐயோ என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். அவர் ஆட்டோவிலேயே ஏறினேன்.

வார்டுக்குள் நுழையும்போது நைனா தலையணையில் சாய்ந்துகொண்டு பக்கத்துக் கட்டில்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் கையில் ஒரு டம்ளர் பால். அவர் தலைமாட்டில் எங்கள் தொழிற்சாலை பாக்கெட், மூலை கிழிந்து கிடந்தது.

"அப்படியே குடிப்பா. காச்சவே வாணாம். எம்பொண்ணு அங்கதான் இஞ்சினீரு" என்று நைனா சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் அந்த டம்ளரைப் பிடுங்கினேன். பால் அவர் வேட்டியெல்லாம் கொட்டியது. அம்மா பதறிப்போய், "இன்னாடி ஆச்சு உனக்கு? பேய் புடிச்சாப்பல ஓடியார!" என்று கத்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டு டம்ளரோடு நின்றேன்.

டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "நான் முதல்லயே கேட்டேனேம்மா, பச்சைப் பால் குடிப்பாரான்னு."

"கேட்டீங்க."

"இல்லேன்னு சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன் டாக்டர்."

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "மாட்டுக்கிட்டேர்ந்து பால் வழியா மனுஷனுக்கு வர்ற காய்ச்சல் ஒண்ணு இருக்கு. ப்ரூசெல்லோசிஸ்னு சொல்லுவோம். உங்க பால்லேர்ந்துதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அதுக்கு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார். உடனே ரத்தம் எடுத்தார்கள். அதே காய்ச்சல்தான் என்று பிறகு தெரிந்தது. வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு நைனா எழுந்து நடந்தார். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் எனக்கு இதில் எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம், நைனாவிடம் நானே சொல்லியாக வேண்டும் என்பதுதான்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மெஷினில் ஓட்டை, பச்சைப் பால் கலந்திருக்கிறது, உன் காய்ச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று எப்படியோ திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர் நனைந்த வேட்டியைப் பார்த்தார். நைனா என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் இருந்தது.

"மெஷின நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன் நைனா."

"இன்னிக்கிப் போன வண்டிங்க?"

விடிகாலையில் போன வண்டிகள். மத்தியானம் போன வண்டிகள். கடைகளில் ஃபிரிட்ஜ் நிறைய அடுக்கியிருக்கும் பாக்கெட்டுகள். ஓடி வந்த அவசரத்தில் எனக்கு என் அப்பன் ஒருத்தன்தான் ஞாபகம் வந்திருக்கிறான். மேனேஜரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றவள் அவருக்குப் போன்கூடப் போடவில்லை.

நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டேன். மேனேஜர் முழுக்கக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மெஷினை நிறுத்தினது நல்லது மேடம். ஆனா போன பாக்கெட்டைத் திரும்பக் கேட்டா நம்ம பேர் என்னாகும்? நம்ம ஊர்ல எல்லாரும் வீட்டுல காய்ச்சித்தான் குடிப்பாங்க. ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்றார்.

நைனாவின் கை என் கையைப் பிடித்திருந்தது. சாயங்காலக் காய்ச்சல் ஏற ஆரம்பித்திருந்தது, கை கொதித்தது.

"எல்லாரும் காய்ச்சறதில்ல சார்" என்றேன். "எங்க நைனா காய்ச்சல. காய்ச்ச வேணாம்னு நான்தான் சொன்னேன்."

கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"எந்தெந்த ரூட்டு, சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

சித்தூர் டவுன், கங்காதர நெல்லூர், புத்தூர் என்று வரிசையாகச் சொன்னேன். நகரி என்று சொல்லும்போது மட்டும் குரல் உடைந்துவிட்டது. அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, என்ன மேடம், என்ன மேடம் என்றார். நைனா போனைத் தன் பக்கம் இழுத்து, "நகரி சார்" என்றார்.