ஒரே கதவு நம்பர், இரண்டு அடுப்பு

போன வாரம் எங்கள் வீட்டு அடுப்பை அரசாங்கம் வந்து பார்த்துவிட்டுப் போனது.

சும்மா சொல்லவில்லை. ரேஷன் இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குனிந்தார். அடுப்புக்குள் விரலை விட்டுத் தடவினார். விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல் தரையைப் பார்த்தேன்.

எதற்கு இந்தச் சோதனை? சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது...

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற நீங்கள், ‘வீட்டில் சம்சாரம் சௌக்கியமா?’ என்று தபால் கார்டு போடுகிறீர்கள். ‘சௌக்கியம்’ என்று நானும் பதில் போடுகிறேன். பொய் இல்லை. சௌக்கியமாகத்தான் இருக்கிறாள் — பின்கட்டில். நான் முன்கட்டில். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. இது மூன்றாவது வருஷம்.

சண்டையா? சண்டை போடுவதற்கு இரண்டு பேரும் பேச வேண்டாமா? நான் பேசமாட்டேன். அதுதான் தகராறே. பிறவிக் கூச்சம். ஆறாம் கிளாஸில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அஞ்சோடு நின்றுகொண்டேன். அச்சாபீஸில் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். ஈய எழுத்துகள் நம்மைப் பேசச் சொல்வதில்லை. அவற்றைக் கோத்துக் கோத்தே எழுத வந்தது. பேச்சு? வரவேயில்லை.

பதினெட்டு வருஷம் பொறுத்துப் பார்த்த தனபாக்கியம் — அதுதான் என் மனைவி — ஒரு நாள் காலையில் சொன்னாள்.

“சுவத்தோட குடித்தனம் பண்றதுதான் என் தலையெழுத்துன்னா, எனக்குன்னு தனியா ஒரு சுவரு வச்சுக்கறேங்க.”

மறுநாள் தட்டி வந்தது.

வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. பாதி அவள் நகை. பாதி என் சேமிப்பு. பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் உண்டு. விற்க அவளுக்கு மனசில்லை. எனக்கும் இல்லை. இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

இடைஞ்சல் அரிசியில் வந்தது. இந்தத் தட்டுப்பாட்டில் ரேஷன் கார்டு இல்லாமல் யார் சாப்பிட முடிகிறது? எங்கள் கார்டு என் பெயரில். அதில் இரண்டாவது பெயர் அவளுடையது. அவள் பங்கு அரிசியை ஒரு பாத்திரத்தில் போட்டுத் தட்டிக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தேன். பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது.

“உங்க கையால வாங்கித் திங்கறதுக்கா தனியா வந்தேன்? கவர்ன்மெண்ட் குடுத்தா வாங்கிக்கறேன்.”

தையல் மெஷின் ஓட்டி, வெளியில் அரிசி வாங்கினாள். விலை ஏற ஏற, வாங்குவது குறைந்தது. மூன்று மாதமாகச் சாயங்காலத்தில் பின்கட்டிலிருந்து புகை வருவதில்லை. தட்டி வழியாகப் பேச்சுதான் வராது. புகை வரும், வாசனை வரும். அதனால் எனக்குத் தெரியும்.

ஆகவே தனிக் கார்டு கேட்டு மனுப் போட்டாள். அதை விசாரிக்கத்தான் இன்ஸ்பெக்டர். தனி அடுப்பு எரிந்தால் தனிக் குடும்பம் — அதுதான் கணக்காம். கல்யாணத்துக்கு அக்கினி சாட்சி என்கிறார்கள். பிரிவதற்கும் அதே சாட்சிதான் போலிருக்கிறது. என்ன, அடுப்புக்குள் விரலை விட்டு விசாரிக்க வேண்டியிருக்கிறது!

இந்த நேரத்தில் தனபாக்கியம் என்ன செய்தாள் தெரியுமா? ஆபீசர் வருகிறாரே என்று முதல் நாளே அடுப்பைச் சுரண்டி, சாணி போட்டு மெழுகி, மேலே கோலமும் போட்டுவிட்டாள். முன்கட்டில் என் அடுப்போ பொங்கி வழிந்த கஞ்சியும் கரியுமாக, பத்துப் பேருக்குச் சமைத்த மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் விரலில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

“இதுல சமைச்சு வருஷக்கணக்கா ஆயிருக்கும் போலிருக்கே. சமையல் எல்லாம் முன்கட்டுலதானே?”

“ஐயோ சார், நீங்க வரீங்கன்னுதான் மெழுகினேன்!”

“கதவு நம்பரும் ஒண்ணு. பத்திரத்துலயும் பேரு சேர்ந்துதான் இருக்கு. நெஜமாவே பிரிஞ்சவங்கன்னா வீட்டைப் பிரிச்சிருக்க மாட்டீங்களா?”

“வீடு என்ன சார் தப்புப் பண்ணிச்சு?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே ‘ஒரே சமையல்’ என்று நோட்டில் எழுதினார்.

“வெள்ளிக்கிழமை இவரைக் கூட்டிக்கிட்டு ஆபீசுக்கு வாங்கம்மா. இவர் வாயால சொல்லட்டும், பார்ப்போம். இல்லேன்னா மனுவைத் தள்ளிடுவேன்.”

நான்... வாயால... சொல்ல வேண்டும்!

வெள்ளிக்கிழமை டவுனுக்கு ஒரே பஸ்ஸில் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். கண்டக்டருக்கு எங்களைத் தெரியும். “ரெண்டு டிக்கெட்டாங்க?” என்றார் என்னிடம். பதில் முன்னாலிருந்து வந்தது.

“ரெண்டுதான். ஆனா தனித்தனியாக் கிழிங்க!”

பஸ் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பாலத்துக்குக் கீழே காவேரியைப் பார்த்தேன். பாவம், அதில் தண்ணீரும் அதிகமில்லை.

நான் ஒன்றும் தயாராகாமல் போகவில்லை. இரண்டு பக்கத்துக்கு அருமையாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன். இன்ஸ்பெக்டர் கையில் வாங்கவேயில்லை.

“எழுதினதை யாரு வேணா எழுதியிருக்கலாம். எழுதிக் குடுத்தா செல்லாதுங்க. வாயைத் திறந்து சொல்லுங்க.”

எழுதிப் பேர் வாங்கியவனுக்கு இதைவிட ஒரு அடி உண்டா? நின்றேன். இரண்டு பக்கத்தையும் நாலாக மடித்தேன். பிறகு எட்டாக.

பக்கத்து மேஜை கிளார்க்குக்கு அவசரம். அவர்பாட்டுக்கு எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். “மனுதாரர்... கணவனால் கைவிடப்பட்டவர்...”

“நிறுத்துங்க சார்!” என்றாள் தனபாக்கியம். “யாரு யாரைக் கைவிட்டது? இந்த மூஞ்சியைப் பாருங்க. இதுக்கு ஒரு ஆளைக் கைவிடற தைரியம் இருக்கா? நான்தான் இவரை விட்டேன். அப்படி எழுதுங்க.”

“அப்படி எழுதற வழக்கமில்லைம்மா. விதவை, இல்லேன்னா கைவிடப்பட்டவர். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“அப்ப உங்க அரிசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். எனக்குப் புகை வராத அந்தச் சாயங்காலங்கள் ஞாபகம் வந்தன. வாய் தானாகத் திறந்தது.

“சார்... அந்த ‘னால்’ங்கறதை அடிச்சிடுங்க.”

“எதை?”

காகிதம் எனக்குத் தலைகீழாக இருந்தது. தலைகீழாகப் படிப்பதுதானே கம்பாசிட்டர் பிழைப்பு? விரலை வைத்துக் காட்டினேன்.

“கணவனால்னு இருக்குல்ல, அதுல ‘னால்’ அடிச்சிட்டு ‘ன்’ போடுங்க. ‘கணவன் கைவிடப்பட்டவர்.’ சரியாயிடும். நடந்ததும் அதுதான்.”

கிளார்க் பேனாவோடு விழித்தார். இன்ஸ்பெக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“அது கெடக்கட்டும். தனிச் சமையல்னு நான் எப்படிங்க நம்பறது?”

திறந்த வாயை மூட எனக்குப் பழக்கமில்லை.

“ஞாயித்துக்கிழமை கத்திரிக்கா போட்டுப் புளிக்குழம்பு சார். திங்கக்கிழமை முருங்கைக்கீரை, பூண்டு தட்டிப் போட்டு. செவ்வாக்கிழமையிலேர்ந்து தாளிக்கற சத்தமே இல்லை, வெறும் கஞ்சி. சாயங்காலத்துல மூணு மாசமா அடுப்பே பத்த வைக்கறதில்லை. குழம்புல உப்பு சரியா இருந்துச்சா, புளி தூக்கலா இருந்துச்சான்னு கேட்டுப் பாருங்க — எனக்குத் தெரியாது. வாசனை மட்டும்தான் தெரியும். ஒரே சமையலா இருந்தா ருசி தெரிஞ்சிருக்காதா சார்?”

டைப் அடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்து ‘ஒரே’ என்பதை அடித்தார். ‘தனி’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். ‘னால்’ போயிற்றா என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டேன். போயிருந்தது.

வெளியே வந்ததும் தனபாக்கியம் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். நின்றாள். திரும்பினாள்.

“பூண்டு தட்டிப் போட்டதுகூடவா தெரியுது உங்களுக்கு?”

தலையாட்டினேன்.

“கல்யாணமான நாளா வாயைத் திறந்து இவ்வளவு பேசினது இன்னைக்குத்தான். இதை வீட்டுல பேசியிருந்தா ஒரு கார்டே போதுமேங்க.”

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். பஸ் வந்தது. ஏறிவிட்டாள். பதிலுக்காகத்தான் நின்றாள் என்பது, நானும் ஏறிப் பின்னால் உட்கார்ந்து, பாலம் பாதி கடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பதில் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மூன்று பக்கம் எழுதிவிட்டேன். தட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

ஆனால்... எழுதிக் கொடுத்தால் செல்லாதாமே!