வழுக்கை சலூன்காரரும் உச்சிச் சுழியும்

ஊரிலுள்ள தலைகளையெல்லாம் அடக்கி ஆண்ட மனுஷன், தன் தலையில் மட்டும் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. நெற்றியிலிருந்து பிடரிவரை பளபளவென்று இருக்கும். கடை வாசலில் என்ன பெயர்ப்பலகை மாட்டினால் என்ன, ஜனங்களுக்கு அது 'வழுக்கை சலூன்'தான், அவர் வழுக்கைதான். அதற்காக அவர் கோபித்துக்கொண்டதும் கிடையாது. "சமையல்காரன் ஒல்லியா இருந்தா சாப்பாடு நல்லா இருக்காதா?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

வேலையில் படு சுத்தம். அதிலும் சுழி முடி என்றால் அவரிடம்தான் போகவேண்டும் என்று ஒரு பேச்சே உண்டு. உச்சந்தலையில் முடி சுழன்று முளைக்கிற இடத்தில், சிலருக்கு ஒரு கொத்து மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் நட்டுக்கொண்டு நிற்குமே, அதுதான். அரைகுறை ஆசாமி அதைப் பார்த்ததும் கத்திரியை எடுத்து நறுக்கிவிடுவான். நறுக்கினால் தொலைந்தது! குட்டை முடிக்குக் கனம் இல்லை, கனம் இல்லாத முடி படுக்காது. "சுழியில கை வைக்காதே, வளர விடு, அதோட கனமே அதை அமுக்கிடும்" என்று வழுக்கை எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அப்படி இவர் விழுந்தது, சொந்த வீட்டில், சொந்தப் பெண்டாட்டியின் தலையில்.

அவளுக்கு உடம்புக்கு வந்தது. பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிற நோய். மருந்து ஏற ஏற, இடுப்பைத் தொட்ட கூந்தல் தலையணையோடு வந்துவிட்டது. வீடும் ஆஸ்பத்திரியுமாகவே ஒரு வருஷம் ஓடியது. டாக்டர் பேசுவார், நர்ஸ் ஊசி போடுவார், வழுக்கை பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்பார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. நாள் முழுக்க ஓடிப் பழகிய கைகள், எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அவள்தான் அவரைத் தேற்றினாள். "இப்பதாங்க நாம பொருத்தமான ஜோடி. ரெண்டு பேருக்கும் சீப்பு வேணாம்."

பிழைத்துக்கொண்டாள். முடியும் முளைத்தது. முதல் முளையைத் தடவிப் பார்த்தபோது வழுக்கை குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தச் சந்தோஷம் முடி விரல் நீளம் வளரும்வரைதான். அத்தனை வருஷமும் கூந்தலின் பாரத்தில் ஊமையாய்க் கிடந்த சுழி ஒன்று அவளுக்கு உச்சந்தலைக்குப் பின்பக்கம் இருந்திருக்கிறது. பாரம் போனதும் அதற்குக் கொண்டாட்டமாகிவிட்டது. மற்ற முடியெல்லாம் அடக்கமாகப் படுத்திருக்க, அங்கே ஒரு கொத்து மட்டும் விறைத்துக்கொண்டு எழுந்து நின்றது.

'ஒரு கொத்து முடிதானே, இதுக்கா இத்தனை பாடு?' என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவள் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். நாலு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. வருகிறவர்கள் பிரேமை மாட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று, "இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லவேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு தலை தெரியும், நாலும் அவள் தலையாக இருக்கும். தலைக்குக் கட்டிக்கொண்டிருந்த துணியை, சிகிச்சை முடிந்த அன்றே குப்பையில் போட்டுவிட்டாள். இனிமேல் செத்தாலும் கட்டமாட்டேன் என்றுவிட்டாள்.

"முதல்ல முடியைப் பார்ப்பாங்க. அப்புறம் என்னைப் பார்ப்பாங்க. அப்புறம் 'ஐயோ பாவம்'னு ஒரு மூஞ்சி வச்சுப்பாங்க பாருங்க, அதை என்னால தாங்க முடியாதுங்க" என்றாள்.

இரண்டு தடவை வேலைக்கென்று கிளம்பி, இரண்டு தடவையும் தெருமுனையோடு திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கடை முதலாளியும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? "வர்ற திங்கட்கிழமை வந்துடுங்கம்மா. வரலேன்னா வேற ஆள் போட்டுடுவேன், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். வேலை போனால்கூடப் பரவாயில்லை. இந்தத் தடவையும் திரும்பி வந்தால் அப்புறம் ஜன்மத்துக்கும் வாசலைத் தாண்டமாட்டாள் என்பது வழுக்கைக்குத் தெரிந்துபோயிற்று. வீட்டுக்குள்ளேயே கிடந்து இருட்டிப்போவதற்கா ஆஸ்பத்திரியிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தார்கள்?

"விடு, இது என் டிபார்ட்மெண்ட்" என்று மார்தட்டினார்.

தண்ணீர் தொட்டு வாரினார். ஜெல் தடவினார். கிளிப் மாட்டி, ஹேர் டிரையரை இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் பிடித்து, வேரோடு திசை திருப்பப் பார்த்தார். சொன்ன பேச்சைக் கேட்பது போலப் படுக்கும். அவர் டிரையரின் வயரைச் சுருட்டி வைப்பதற்குள், 'என்ன விசேஷம்?' என்று எழுந்து நிற்கும். நாய் வாலையாவது நிமிர்த்திவிடலாம், இதைப் படுக்கவைக்க முடியாது போலிருந்தது. அவளுடைய அக்கா ஒருத்தி, தினமும் போனில் ஒரு வைத்தியம். "எண்ணெயை வழிய வழிய வச்சு, துண்டால இறுக்கிக் கட்டிப் படுக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை." அதையும் செய்தார்கள். தலையணை உறை பாழானதுதான் மிச்சம்.

சனிக்கிழமை வந்தது. அவள் கண்ணாடி முன்னால் இன்னொரு கைக்கண்ணாடியைப் பிடித்துப் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "உண்மையிலேயே நீங்க சலூன்காரர்தானா, இல்ல என்னை ஏமாத்திக் கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், குரல்தான் உடைந்தது. வழுக்கைக்கு மனசு பதறிவிட்டது. பதறின மனசுக்குப் புத்தி ஏது?

"நுனியில ரெண்டு முடிதான் தூக்கலா இருக்கு. சமம் பண்ணிட்டா சரியாயிடும்" என்றார்.

எவன் செய்தாலும் கத்திரியைப் பிடுங்கி அடிக்கப் போவாரோ, அந்தத் தப்பை அவரே செய்தார். ஈர முடியைச் சீப்பால் இழுத்துப் பிடித்து, மற்ற முடியோடு சமமாக நறுக்கினார். ஈரத்தில் அழகாகத்தான் இருந்தது. காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறியது. முன்பாவது நுனி கொஞ்சம் வளைந்திருந்தது. இப்போது பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது.

அவள் கைக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

"ஆஸ்பத்திரியில உங்களால ஒண்ணும் முடியல. சரி, அது டாக்டர் வேலை. இது உங்க வேலைதானேங்க?" என்றாள்.

வழுக்கை கத்திரியைக் கீழே வைத்தார். வாசற்படியில் போய் உட்கார்ந்தார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினால் வலிக்கும்தான், ஆனால் அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாதே!

திங்கட்கிழமை காலையில் அவள் குளித்துவிட்டு வந்து, அவர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். கடையிலிருந்து முடிக்குத் தடவும் கெட்டி மெழுகு கொண்டுவந்திருந்தார். விரலில் எடுத்துச் சூடுபறக்கத் தேய்த்து, அந்தக் கொத்தை அமுக்கி, உள்ளங்கையால் மூடிக்கொண்டே இருந்தார். கையை எடுத்தபோது அது படுத்திருந்தது. இருவரும் மூச்சு விடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். எழவில்லை.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "பின்னாடி எனக்குத் தெரியாது. நீங்க பால்கனியில நின்னு பாருங்க. தூக்கிக்கிச்சுன்னா ஒரு குரல் கொடுங்க, திரும்பி வந்துடறேன். என்கிட்ட மறைக்காதீங்க."

"சரிம்மா" என்றார்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். எதிர்ப்பக்கம்தான் பஸ் ஸ்டாப். நல்ல வெயில். மெழுகுக்கு வெயில் ஆகாது என்பது அப்போதுதான் பாவி மனுஷனுக்கு ஞாபகம் வந்தது. அவள் ரோட்டைத் தாண்டுவதற்குள் ஒரு முடி எழுந்தது. பிறகு அதன் கூட்டாளிகள் எழுந்தன. பஸ் ஸ்டாப்பில் போய் நின்றபோது மொத்தக் கொத்தும் வானத்தைப் பார்த்து நின்றது.

வழுக்கை கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். கூப்பிட்டால் வந்துவிடுவாள். வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். கூப்பிடாவிட்டால், நாலு சுவர்க் கண்ணாடிக்கு நடுவில் தன்னந்தனியாகப் போய் நிற்பாள். எது பாவம், எது புண்ணியம் என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் திரும்பி அண்ணாந்து பார்த்தாள். ஒரு கையைப் பின்னந்தலைப் பக்கம் காட்டி, எப்படி என்பதுபோல் முகத்தை அசைத்தாள்.

வழுக்கை சிரித்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அன்று முழுக்க அவர் கடையைத் திறக்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தார். சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் உள்ளே வந்து, பையை வைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தாள். தலையில் அந்தக் கொத்து அப்படியே நின்றது.

"யாராவது ஏதாவது..." என்று இழுத்தார்.

"ஒரு அம்மா பார்த்தாங்க. மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டாங்க. பாத்ரூம்ல போய் அழுதேன். அப்புறம் வந்து அவங்களுக்கே ஒரு பிரேமை வித்தேன்."

"கடைக் கண்ணாடியில பார்த்ததும் என்னை நல்லாத் திட்டியிருப்பே."

"கடைக்குப் போயா பார்க்கணும்? பஸ் ஸ்டாப்புலயே தெரியும்."

"அங்க ஏது கண்ணாடி?"

"உங்க மூஞ்சிதான் இருந்துச்சே" என்றாள். "டாக்டர் ரூம்லேர்ந்து வெளிய வந்து, 'ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிடும்'னு சொல்லுவீங்களே, அதே மூஞ்சி. அதே சிரிப்பு."

அந்தப் பொய்யெல்லாம் அவளுக்குத் தெரியாது என்றுதான் வழுக்கை இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுமா பஸ் ஏறினே? திரும்பி வந்திருக்கலாமே?"

அவள் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நீங்க அப்படிச் சிரிச்சுக்கிட்டு நிக்கும்போது, நான் எப்படிங்க திரும்பி வர்றது?"