அரணை குட்டி போட்ட கோடை

தொண்ணூறுகளின் நடுவில் நானும் கணவரும் மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். இவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் வேறு நாட்டுக்குப் போகும்போது, தான் வளர்த்த நீலநாக்கு அரணையை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடித் தொட்டி, சூட்டு விளக்கு எல்லாவற்றோடும் அது எங்கள் முன்னறைக்கு வந்து சேர்ந்தது.

முழங்கை நீளம். கொழுத்த உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத குட்டைக் கால்கள். கிட்டப் போனால் வாயைப் பிளந்து, மை குடித்ததுபோல் நீலமான தடித்த நாக்கை நீட்டும். நாய்களுக்கு விற்கும் டின் இறைச்சியும் நத்தையும்தான் தீன். நத்தையை ஓட்டோடு நொறுக்கும் சத்தம் குசினிவரை கேட்கும். நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிடுவேன்.

“அது ஆருக்கும் ஒண்டும் செய்யாது,” என்பார் இவர்.

“செய்யத் தேவையில்லை. பாக்கவே அருவருப்பாக் கிடக்கு.”

அது வந்து சேர்ந்த அதே கோடையில் இவருக்குக் குடல்வால் ஒப்பரேஷன். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு தன் காயத்தைவிட அரணையைப் பற்றித்தான் கவலைப்பட்டார். வேறு வழியில்லாமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு இடுக்கியால் தீன் போட்டேன்.

ஒரு காலை பார்த்தபோது அது வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்னாலிருந்து வழவழப்பான பை ஒன்று வெளியே வந்து கிழிந்தது. உள்ளே ஒரு குட்டி நெளிந்தது. எங்களிடம் வரும்போதே சினையாக இருந்திருக்கிறது; நானோ அரணை முட்டைதான் இடும் என்று நினைத்திருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குட்டி தான் வந்த பையையே தின்னத் தொடங்கியது. குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது இன்னும் இரண்டு கிடந்தன.

வார்டுக்குப் போன் எடுத்தேன். “உங்கட அரணை குட்டி போடுது.”

“எத்தினை?” முனகலுக்கு நடுவிலும் குரலில் அப்படியொரு சந்தோஷம். “இஞ்சாரும், தாயோட விடாதையும், கடிச்சுப் போடும். வேற பெட்டியில எடுத்து வையும்.”

“என்னால ஏலாது.”

“அப்ப அதுகள் செத்துப்போம்.”

கறி அகப்பையால் ஒவ்வொன்றாக அள்ளி ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போட்டேன். ஒன்று நழுவி என் மணிக்கட்டில் ஏறியது. கோழை ஒட்டிய கால்கள். அதுவும் என்னைப் பார்த்து நீல நாக்கை நீட்டியது. அகப்பையைக் குப்பையில் எறிந்தேன். தேசிக்காய் பிழிந்து தேய்த்துக் கழுவியும் கை நாறுவதுபோலவே இருந்தது.

வீட்டுக்கு வந்த கணவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே குட்டிகளிடம் போனார். “எல்லாத்தையும் காப்பாத்திப் போட்டீர்,” என்று என் கையைப் பிடிக்க வந்தார். இழுத்துக்கொண்டேன்.

“குட்டியள் இந்த வீட்டில வளராது,” என்றேன்.

ஈஸ்ட் ஹாமில் வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடையொன்று அவற்றை எடுத்துக்கொண்டது. தாயை மட்டும் இவர் விடவில்லை. அது இன்னும் பல வருடம் எங்கள் முன்னறையிலேயே தின்று கொழுத்தது. வருகிறவர்களிடமெல்லாம், “என்ர மனிசிதான் இதுக்குப் பிரசவம் பாத்தவ” என்று இவர் பெருமையாகச் சொல்லத் தொடங்குவார். தேத்தண்ணி போடும் சாக்கில் நான் எழும்பிப் போய்விடுவேன்.