புளி போட்டுத் தேய்த்த காசு

தென்காசி வீட்டில் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தன் பழங்காசுகளை விற்பதற்காகப் பரப்பியிருந்த மகள் பதறினாள்.

“இதுல கை வச்சிராதம்மா, தேச்சா விலை போயிரும்.”

ஈரப் புளியின் வாடை என்னைச் சின்ன வயதுக் குற்றாலத்துக்குக் கொண்டுபோனது. அருவிக்குப் போகும் வழியில் அப்பாவுக்கு எண்ணெய்க்கடை. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையிலிருந்து வந்தவர்கள் தந்து, பிறகு செல்லாமல் போன, சங்கு போட்ட செம்புக்காசுகளை நான் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு சாரல் நாளில் அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, குளிக்க வந்த மெட்ராஸ்காரர் ஒருவர் விலை கேட்டார். பழங்காசு சேர்ப்பவராம்.

“தேச்சதெல்லாம் வீண், பாப்பா. கறுத்ததை மட்டும் குடு.”

கொடுத்தேன். தலையில் எண்ணெய் வழிய நின்ற அவர் மனைவியோ, பளபளத்த காசுகளைத் தன் வளையலோடு சேர்த்துவைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அது கை நோவத் தேச்சது. வெலை ரெட்டிப்பு” என்றேன்.

அவர் கணவரைத் திரும்பிப் பார்க்காமலே பையைத் திறந்தார். அப்பா எண்ணெய் அளப்பதை நிறுத்திவிட்டு, “ஏட்டி, நாளையிலேருந்து நீயே கல்லாவுல உக்காரு” என்றார்.

மகளின் காசுகளில் பாதியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“என்னம்மா பண்ணுத?”

“வாங்க வாரவருக்குப் பொண்டாட்டி உண்டான்னு மொதல்ல கேளுட்டி.”