எங்கள் ஆங்கிலேயக் கிராமம்

ஷார்ஜா ரோலாவில், எங்கள் சின்ன ஃபிளாட்டில், ஒரு வாரம் முழுக்க ஓர் ஆங்கிலேயக் கிராமம் குடியிருந்தது. சாப்பாட்டு மேசையை அது பிடித்துக்கொண்டதால் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் படித்தது பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி. ஆளுக்கொரு கிராமத்தின் வரலாற்றைப் படித்து, அதன் முக்கிய இடங்களைத் தெர்மோகோலில் செய்து வரவேண்டும். சிறந்ததைப் பள்ளி வாசலில் வைப்பார்கள். அந்த இடம் எனக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று ஒரே வெறி.

அப்பா கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அடுத்தவர் வில்லாக்களை வரைந்து அலுத்தவருக்கு முதன்முதலாக ஓர் ஊரே கையில் கிடைத்தது. விடுவாரா? தேவாலயக் கோபுரம், ஆற்றுக்குக் கல்பாலம், தண்ணீரில் சுற்றும் பழைய மாவு ஆலை எல்லாம் அளவு பிசகாமல் எழுந்தன. வாத்துக் குளத்துக்கு மட்டும் நான்கு பக்கமும் படிக்கட்டு வைத்துவிட்டார். “படி இல்லாம எப்படி எறங்குவாங்க?” என்றார். அது வாத்துகளுக்கான குளம் என்று நான் சொன்னது எடுபடவில்லை.

கடைசி வேலை, ஊர் நடுவே போரில் இறந்தவர்களுக்கான நினைவுக்கல். புத்தகத்துப் படத்தைப் பார்த்து நான் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

“இந்த மூணு பேரும் ஏன் ஒரே மாதிரி முடியுது?”

“அது குடும்பப் பேரும்மா. மூணு பேரும் அண்ணன் தம்பி. மிஸ் சொன்னாங்க.”

“மூணு பேருமேவா?”

மறுநாள் காலை, விரல் நீளத்துக்கு ஒரு மல்லிகைச் சரம் கட்டி அந்தக் கல்லுக்குப் போட்டுவிட்டாள். நான் காலை உதைத்துக்கொண்டு அழுதேன். “இங்கிலீஷ் ஊர்ல ஏதும்மா மல்லிப்பூ? மார்க் போயிடும்!”

“செத்தவங்களுக்குப் பூ போடாம, வெறுங்கல்லா விடுவாங்களா?” என்றாள். படிக்கட்டு கட்டிய அப்பா அவள் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

கிராமத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் என்னோடு பள்ளிக்கு வந்தாள். அங்கே எங்கள் மிஸ், அசல் இங்கிலாந்துக்காரர், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்தக் கல்லருகே நின்றார். யார் போட்டது என்று கேட்டு முடிப்பதற்குள் நான் அம்மாவைக் காட்டிவிட்டேன். அம்மாவின் ஆங்கிலம் டாக்ஸிக்காரருக்கு வழி சொல்லும் அளவுக்குத்தான். ஆனாலும் நிமிர்ந்து நின்று சொன்னாள்: “ஒன் ஹவுஸ். த்ரீ பாய்ஸ். மதர் பாவம்.”

மிஸ்ஸுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கல் இருக்கிறது, நாங்களும் பூ வைப்போம் என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். படிக்கட்டுக் குளத்தோடும் மல்லிகையோடும் எங்கள் கிராமம் பள்ளி வாசலுக்குப் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு நான் எத்தனையோ கூட்டங்களில் ஆங்கிலத்தில் பேசிவிட்டேன். அம்மா அன்று பேசியதற்கு ஈடாக ஒன்றும் பேசியதில்லை. அவள் மகள் என்பதில் எனக்கு இன்றும் கர்வம்தான்.

அன்று மாலை அம்மா என் மூன்று மாமாக்களுக்கும் வரிசையாக ஃபோன் போட்டாள். பெரியவர் சவூதி அல் கோபாரில், நடுவில் உள்ளவர் குவைத் ஃபர்வானியாவில், சின்னவர் அபுதாபி தொழிலாளர் கேம்ப்பில். மூவரிடமும் ஒன்றையேதான் கேட்டாள்: “சாப்டியா? உடம்பு நல்லாருக்கா?” நான் அவள் முந்தானையை இழுத்து, “ஃபர்ஸ்ட் வந்ததைச் சொல்லும்மா” என்று நச்சரித்தேன். பக்கத்து ஃபிளாட் வரை தம்பட்டம் அடித்தவள், கூடப்பிறந்தவர்களிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரி அவளோடு பேசவேயில்லை.