தட்டிப் பார்க்காத சீலிங்

வீடு ரிப்பேர் காண்ட்ராக்டர் என்றால் பகலெல்லாம் சிமெண்டோடு கிடப்பவன் என்று நினைப்பீர்கள். அது பாதிதான். மீதிப் பிழைப்பு எனக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் ஆபீஸ் போகிற வீட்டில் பகலில் போய் நின்றால் பூட்டோடுதான் பேச வேண்டும். எஸ்டிமேட் பார்க்க எல்லோரும் சாயங்காலம்தான் கூப்பிடுவார்கள். சரி, எந்தச் சாயங்காலம்? வெள்ளிக்கிழமை கோயில். செவ்வாய்க்கிழமை புது வேலையைப் பற்றிப் பேசக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் முடிந்து, விளக்கேற்றிய பிறகு. ஆறரைக்கு வரச் சொன்ன சார் ஏழரைக்குத்தான் வீட்டுக்கே வருவார். அதுவரை அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு சீரியல் பார்ப்பார்கள், நான் அவர்கள் சுவரைப் பார்ப்பேன்.

குடியிருந்தது கடலூர் மஞ்சக்குப்பம். புதனும் வியாழனும் சிதம்பரம் என்று வைத்திருந்தேன். ஒரு சாயங்காலத்துக்கு மூன்று வீடு. பஸ் பாதி வழியில் புதுச்சத்திரம் தாண்டும்போதே செல்போன் அடிக்கத் தொடங்கிவிடும், "மேஸ்திரி, எங்க இருக்கீங்க?" என்று. "வந்துட்டேன் மேடம், கீழ வீதி திரும்பறேன்" என்பேன். இந்தத் தொழிலில் அந்த மாதிரிப் பொய்யெல்லாம் பொய்யில் சேர்த்தி இல்லை. சேர்த்தியான ஒரு பொய்யும் சொன்னேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் என் மனைவி மூன்றாம் முறையாக உண்டாகியிருந்தாள். முதலாவது மூன்றாம் மாதமே கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதம். அந்த வாரம் நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாத்ரூமை முழுசாக இடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் சுண்ணாம்பு.

மூன்றாவது கரு தங்கியது தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "மாப்ள, பொண்டாட்டி மாசமா இருக்கறப்ப புருஷங்காரன் ஒரு வூட்ட ஒடைக்கக் கூடாது. கையால ஒடைக்கவும் கூடாது, ஆள வுட்டு ஒடைக்கவும் கூடாது. சொல்லிட்டேன்."

"அத்தை, கசாப்புக் கடைக்காரன் பொண்டாட்டில்லாம் புள்ள பெத்துக்கலயா?" என்றேன், கொழுப்பெடுத்து.

மனைவி அழுதுவிட்டாள். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, "சத்தியம் பண்ணு மாமா" என்றாள். பண்ணினேன். நம்பிப் பண்ணினேனா, அவளுக்காகப் பண்ணினேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. பண்ணியபின் பயம் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது. சுத்தியலைப் பையின் அடியில் போட்டுவைத்தேன்.

அதனால் அந்த வருஷம் பெயிண்ட், டைல்ஸ், குழாய், பூச்சு வேலை மட்டும்தான் எடுத்தேன். உடைக்கிற வேலை எது வந்தாலும் எஸ்டிமேட் பார்ப்பேன், நாள் மட்டும் தையில் போடுவேன். பிரசவம் மார்கழிக் கடைசி. "மணல் கெடைக்கல சார்", "ஆள் ஊருக்குப் போயிருக்கான்", "மழ முடியட்டும் மேடம்." உண்மையைச் சொன்னால் அடுத்த தெரு மேஸ்திரியைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை சிதம்பரத்தில் அந்த வீட்டுக்குப் போனேன். அவர் காலேஜ் ஒன்றில் கிளார்க், அந்த அம்மா ஸ்கூல் டீச்சர். ஒரே பெண், பத்தாம் வகுப்பு. அவள் படிக்கிற அறையில் நோட்டின் மேல் மண் மண்ணாக விழுகிறதாம். நான் நுழைந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி போகிற வழியிலேயே சீலிங்கில் நீளமாக ஒரு விரிசல், பக்கத்தில் துருக் கறை. நேர் கீழே அவள் மேஜை, நாற்காலி.

இந்த மாதிரி இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். சுத்தியல் காம்பால் லேசாகத் தட்ட வேண்டும். கெட்டியாக இருந்தால் ஒரு சத்தம், உள்ளே பிடிப்பு விட்டுப்போயிருந்தால் வேறு சத்தம். சின்ன வேலைக்காரனுக்குக்கூடத் தெரியும். நான் தட்டவில்லை. தட்டினால் தெரிந்துவிடும், தெரிந்தால் உடனே உடைக்கணும். டார்ச்சை இப்படியும் அப்படியும் அடித்துப் பெரிய இன்ஜினீயர் மாதிரி "ம்... ம்..." என்றேன்.

"தை பொறந்ததும் பண்ணிடலாம் சார்."

"அது வரைக்கும் தாங்குமா?"

"தாங்கும் சார்."

"தாங்குமாம்" என்று அவர் மகளிடம் சொன்னார். அவள் மெழுகுவர்த்தியை மேஜையில் ஒட்டவைத்துவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. கடலூர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வந்தால் போகத் தெரியாது. ஒவ்வொரு ராத்திரியும் ஓட்டில் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு அந்த விரிசல்தான் கண்ணில் நின்றது. தண்ணீர் இறங்கும், துருப்பிடித்துக் கம்பி இன்னும் ஊதும், ஊதினால் பாளமாகக் கழன்று வரும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! மனைவி புரண்டு படுத்தால் அவள் வயிற்றைப் பார்ப்பேன். இது என் பிள்ளை, அங்கே உட்கார்ந்திருப்பது அவர்கள் பிள்ளை. அடப் பாவி, எதை வைத்து எதைக் காப்பாற்றுகிறாய் என்று என்னையே திட்டிக்கொள்வேன். விடிந்ததும் பேசாமல் டைல்ஸ் ஒட்டப் போய்விடுவேன்.

டீச்சரம்மாவுக்குப் போன் மட்டும் பண்ணினேன். "மேடம், மழ எப்டி? ஏதாவது விழுதா?"

"என்னா மேஸ்திரி, வேல குடுக்கறதுக்கு முன்னாடியே இவ்ளோ அக்கறையா! கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் விழுது. நீங்கதான் தாங்கும்னு சொல்லிட்டீங்களே, அதான் தெம்பா இருக்கோம்."

சோறு இறங்கவில்லை. மனைவி, "என்னா மாமா, உடம்புக்கு என்னா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். வாய் வரை வரும். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. அவளிடம் எதைச் சொல்வது?

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை. புவனகிரி ரோட்டில் ஒரு வீடு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு வீடு, மூன்றுக்கும் நேரம் கொடுத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்த டீச்சரம்மாவே கூப்பிட்டார். "மேஸ்திரி, ஒண்ணுமில்ல, காலையில ஒரு கைப்பிடி கல்லு விழுந்துச்சு. அவளுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்ச. தாங்குமில்ல?"

"வரேன்" என்றேன். மற்ற மூன்று வீட்டுக்கும் போன் பண்ணக்கூடத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடினேன். ஆமாம், ஓடினேன், நாற்பது வயதில், டூல்ஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு.

அந்தப் பெண் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். "எந்திரிம்மா" என்றேன்.

"அஞ்சு நிமிஷம் அங்கிள், இந்தக் கணக்க மட்டும்..."

"எந்திரின்னா எந்திரி!" என்று கத்தினேன். பயந்து எழுந்து அம்மாவிடம் ஓடினாள். கிளார்க் சாருக்கு முகம் மாறியது, "என்னங்க மரியாத இல்லாம..." என்று ஆரம்பித்தார். நான் ஸ்டூலை ஓரமாகப் போட்டு ஏறி, சுத்தியல் காம்பால் ஒரே ஒரு தட்டு தட்டினேன். சத்தம் கேட்கக்கூட நேரமில்லை. முறம் அகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து, நேராக அந்த நாற்காலி மேல் விழுந்தது. நாற்காலியின் முதுகு உடைந்தது.

அதற்கு மேல் நான் என் வசத்தில் இல்லை. சத்தியமும் மறந்தது, எட்டாம் மாதமும் மறந்தது. சுத்தியலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மீதி இருந்ததையெல்லாம் அடித்துத் தள்ளினேன். கம்பி தெரியும் வரை அடித்தேன். அந்த அறை முழுக்கப் புழுதி. இறங்கி அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தாங்கும்னு சொன்னீங்களே?" என்றார் அவர். அவர் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகக் கேட்டார்.

சொன்னேன். மனைவியை, மாமியாரை, கலைந்த இரண்டை, தலையில் வைத்த கையை, தட்டாமல் விட்டதை, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. ஆம்பிளை அழுகிறோமே என்ற வெட்கமும் வரவில்லை.

டீச்சரம்மா மகளை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா, நாங்க என்னா உங்கள ஒடைங்கன்னா சொல்லியிருப்போம்? இந்த ரூமப் பூட்டிட்டு ஹால்ல ஒக்காந்து படிச்சிருப்பாளே. தை வரைக்கும் பூட்டியே வச்சிருந்திருப்போமே."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒன்றரை மாதம் ராத்திரி ராத்திரியாக யோசித்தவனுக்கு, ஒரு பூட்டு தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் தலைமுடியைத் தொட்டாள். விரலில் சிமெண்ட் தூள். "ஒடச்சியா?" என்றாள். தலையாட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றாள். அவ்வளவுதான், என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து பிரசவம் வரை நாங்கள் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி வயிற்றைக் கவனித்தோம். ஒரு மணி நேரம் பிள்ளை அசையாவிட்டால் அவள் ஜில்லென்று தண்ணீர் குடித்து இடது பக்கம் படுப்பாள். நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பேன். ஓர் உதை விழுந்தால் இரண்டு பேருக்கும் உயிர் வரும். சாயங்கால எஸ்டிமேட்டுகளை எல்லாம் நிறுத்திவிட்டேன். போன் அடித்தால் எடுப்பதில்லை.

மார்கழி முடிய நான்கு நாள் இருக்கும்போது பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்து, "எம் மாப்ள சொன்ன சொல்லக் காப்பாத்துனாரு" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து, சிதம்பரத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. "நெஜமாவா? நல்லாருக்கட்டும் மேஸ்திரி. தெனம் சாமி கும்பிடறப்ப உங்க வீட்டு நெனப்புதான் எனக்கு. நல்லாருக்கட்டும்."

"சீலிங் வேலைய நான் காசு வாங்காம பண்ணித் தரேன் மேடம். தை ஒண்ணாந் தேதியே வரேன்."



"வேற ஆள வச்சு முடிச்சிட்டோம்" என்றார். "கோவிச்சுக்காதீங்க. உங்க கொழந்தைக்காக நான் வேண்டிக்கிட்டது நெஜம். ஆனா அந்த நாக்காலில எம் பொண்ணுதான ஒக்காந்திருந்தா? இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க மேஸ்திரி."